ஆறாவது கோர்

சரியாக இரண்டு நாற்பதுக்குத் திரை நீலமானது.

பழமலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கைபேசியையும் பார்த்தான். இரண்டும் அதையே சொல்லின. ஐந்து நாளாக இதே நேரம்.

கணினி தானாக அணைந்தது. தானாக எழுந்தது. உள்ளே விசிறிகள், தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவன் மூச்சிழுப்பதுபோல் ஒருமுறை இழுத்துவிட்டுச் சீராகச் சுழலத் தொடங்கின.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் செராமிக் தொழிற்பேட்டையில் ஆள் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் மெல்ல நெட்டி முறித்தது. பூட்டிய யூனிட்டுகளின் தகரக் கதவுகளில் அனல்காற்று மோதித் திரும்பியது. ஜங்ஷன் பக்கம் ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்க, அதன் அதிர்வு தரை வழியாக வந்து மேசைமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் போட்டது. எங்கும் உலர்ந்த களிமண் வாசனை. அதற்கு அடியில், மிக மெல்லிதாக, காஸ் வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் சூளைக் கொட்டகை. சூளையை வெள்ளிக்கிழமையே பிரித்துச் சரக்கை இறக்கியாயிற்று. ஆறி, காலியாகக் கிடக்கிறது. காஸ் வாசனை வர வேண்டியதில்லை.

எழுந்துபோய் சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு வந்தான். எல்லாம் இறுக மூடியிருந்தன.

பழமலை பீங்கான் பொம்மை செய்கிறவன். யூனிட்டை வாடகைக்கு எடுத்து, நான்கு ஆட்களை வைத்து, சூளையை மட்டும் தானே எரிக்கிறவன். பொம்மை அச்சுகளைக் கணினியில் வரையலாம் என்றுதான் இந்தப் பெட்டியை வாங்கினான். ஒரு பொம்மையை நாலு பக்கமும் திருப்பிக் காட்டும் படம் உருவாக அது ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. கொடுத்த வேகத்தில் எதையும் ஓட்ட அவனுக்கு மனம் வராது. புதன்கிழமை ஒரு வீடியோவைப் பார்த்து, சிப்பின் வேகத்தை அதன் அளவுக்கு மேல் ஏற்றினான். மின்னழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டினான். அன்று பிற்பகல் முதல் நீலம்.

வியாழன் வேகத்தை இரண்டு படி இறக்கினான். வெள்ளி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறியில் மாவுபோல் படிந்திருந்த களிமண் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, சிப்பின் மேலிருந்த பசையை வழித்தெடுத்துப் புதிதாகத் தடவினான். இரண்டு நாளும் அதே நேரம், அதே நீலம்.

திலீபனைக் கூப்பிட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருக்கிறவன். பாகங்களை வாங்கிக் கணினியைப் பூட்டிக் கொடுத்தவன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழமகூட மனுசன தூங்க வுட மாட்டீங்களா?"

"மறுபடி அணைஞ்சிடுச்சி திலீபா. ரெண்டு நாப்பது."

"ஞாயித்துக்கெழம ராகு காலமே நாலரைக்குத்தாண்ணே. இது அதுக்கும் முந்திக்கிதே." கொட்டாவி விட்டான். "அன்னிக்கே சொன்னேன். வெயில் ஏற ஏற ரூம்பு கொதிக்கிது, சிப்பு தாங்கல. இது என்னா ஒங்க சூளையா, ஏத்திக்கினே போறதுக்கு? பேசாம கம்பெனி செட்டிங்குக்கே கொண்ணாந்துடுங்க."

"நேத்தே கொண்ணாந்துட்டன். நேத்தும் அணைஞ்சிது. இன்னிக்கும்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"அப்ப வேகத்து மேல தப்பு இல்லண்ணே."

"பின்ன?"

"வேற எதுவோ. சிப்புக்குள்ள எட்டு கோரு, எட்டு மூளை மாதிரி, இருக்குதுல்ல, ஒவ்வொண்ணுத்தோட சூட்டயும் தனித்தனியா பாருங்க. ஏழு ஒண்ணா நிக்கும். ஒண்ணு மட்டும் ஒதுங்கி நிக்கும். அதான் குத்தவாளி. நான் சாய்ந்தரம் வந்து பாக்குறன்."

பழமலை சூடு காட்டும் பலகையைத் திறந்தான். எட்டு வரி. ஏழில் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. ஆறாவது வரியில் அறுபத்திரண்டு.

கணினியில் வேறு எதுவும் ஓடவில்லை. விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்திரண்டு அறுபத்து மூன்றானது. அரை நிமிடம் நின்றது. அறுபத்து நான்கு.

சிப்பின் சூடு இப்படி ஏறாது. துள்ளும். எழுபதுக்குத் தாவும், ஐம்பதுக்கு விழும். இந்த நான்கு நாளில் அதை அவன் பார்த்துப் பழகிவிட்டான். இது துள்ளவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி. யாரோ பக்கத்தில் நின்று வால்வைத் திருகிக்கொண்டிருப்பதுபோல்.

கழற்றியிருந்த பக்கத்தில் கையை விட்டுச் சிப்பின் மேலிருந்த உலோகத்தைத் தொட்டான். குளிர்ந்திருந்தது.

கைபேசி அடித்தது. கனிமொழி.

"ஏங்க, டிபன் பாக்ஸ தொறந்தீங்களா, இல்ல அந்தப் பொட்டி மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களா?"

"சாப்புடறன் கனி."

"பொய். கத்திரிக்கா கொழம்பு. கெட்டுப் போயிடும் வெயிலுக்கு." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"புதங்கெழம நானும் அம்மாவும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி பிராது கட்டிட்டு வந்தோம். மாணிக்கத்துக்காவ."

தாளில் குறையை எழுதி, அந்தக் கோயிலில் இருக்கும் முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிக்கும். களவு போன மாட்டிலிருந்து ஓடிப்போன புருஷன் வரைக்கும் இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி வழி.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கலாம்னா நீங்கதான் வேணாம்னுட்டீங்க. இன்னியோட ஒரு வருசம் ஆவுதுங்க. எத்தினி நாளிக்கி லாரி ஏறிப் போயிருப்பான், வந்துடுவான்னே சொல்லிக்கிட்டு இருக்கறது? எல்லாம் வெவரமா எழுதிட்டேன். நீல சட்ட, இடுப்புல வெள்ளி அரணாக்கொடி. கடைசியா வேப்பூர் பஸ்ஸுல ஏறுனான்னு. சாட்சின்னு ஒங்க பேரத்தான் எழுதியிருக்கேன்."

"எம் பேரா?"

"நீங்கதான பாத்தீங்க."

டம்ளர் தண்ணீரில் வட்டங்கள் நின்றிருந்தன. ரயில் போய்விட்டிருந்தது.

"பெருசா எதுவும் கேக்கலங்க. ஆள வரவழின்னுகூட கேக்கல. ஒரு தடவ கொரல காதுல கேக்க வையி சாமின்னு எழுதுனேன். அவ்ளோதான். மூணு நாளோ, மூணு வாரமோ, மூணு மாசமோ, சொல்லிடுவாராம்."

"சரி" என்றான்.

"சாப்புடுங்க."

மாணிக்கம் வேப்பூர் பஸ்ஸில் ஏறியதை அவன் பார்க்கவில்லை.

மாணிக்கம் கனிமொழியின் தம்பி. ராஜமாணிக்கம். சூளையில் பொம்மைகளை அடுக்குகிறவன். சொல்லாமல் கொள்ளாமல் வேப்பூர் போய், ஏதாவது ஒரு லாரியில் கிளீனராக ஏறி, இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து நிற்பான். அதனால்தான் போன வருஷம் அவனைக் காணோம் என்றதும் யாரும் பதறவில்லை. கனிமொழி மட்டும் இரண்டாம் நாள் அழுதாள். பழமலை முதல் நாள் நள்ளிரவு வரை சூளையோடு நின்று களைத்துப் போயிருந்தான். அவள் அழுகையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு நீலச் சட்டை முதுகைப் பார்த்ததுபோலவும் இருந்தது. வேப்பூர் பஸ்ஸில் ஏறினான், என் கண்ணால் பார்த்தேன் என்றான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைத்தாள். பிறகு பலமுறை சொல்லிச் சொல்லி, பஸ்ஸின் படிக்கட்டும், அதில் வைத்த செருப்புக் காலும்கூட அவனுக்கு நினைவில் வந்துவிட்டன.

எழுபத்தெட்டு.

அப்போதுதான் அந்த ஏற்றம் எங்கே பார்த்தது என்று புரிந்தது.

சூளையில் முதல் ஒரு மணி நேரம் நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்ற வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் பொம்மை வெடிக்கும். பன்னிரண்டு மணி நேரச் சூளை அது. பழமலை அதை ஒன்பது மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தான். நிமிடத்துக்கு இரண்டு டிகிரி. ஒரே ஒரு முறை. சரக்கு நன்றாகவே வந்தது. மெருகு வழக்கத்தைவிட ஒரு படி கூடுதலாகவே இருந்தது. ஆனால் பின்வரிசையில் தட்டுகள் சரிந்து கிடந்தன. மறுபடி அவன் அப்படிச் செய்யவில்லை.

இழுப்பறையிலிருந்து சூளை நோட்டை எடுத்தான். போன வருஷம். சித்திரை. விரல் நுனியில் வியர்வை, தாள் ஒட்டியது.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பென்சிலால் மூன்று கோடு இருந்தது. சூளைக் கதவை மூடும் முன் இரும்பில் மூன்று தட்டு தட்டி, "உள்ள யாரு?" என்று குரல் கொடுப்பது பேட்டையில் பழக்கம். சித்திரை வெயிலில், ஆறிய சூளைக்குள் கிடைக்கும் குளிர்ச்சி வேறெங்கும் கிடைக்காது. அடுக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் பின்வரிசைக்குப் பின்னால் துண்டை விரித்துக் கண்ணயர்வார்கள். அதனால்தான் தட்டுவது. தட்டியதும் பழமலை நோட்டில் மூன்று கோடு போடுவான்.

அந்தப் பக்கம் வந்தது.

மேலே கோடு இல்லை.

நேரம் மட்டும் இருந்தது. அவன் கையெழுத்து. 2.40 பற்ற வைத்தது. 2.50, ஐம்பத்தைந்து. 3.00, எழுபத்தைந்து. 3.10, தொண்ணூற்றைந்து.

திரையின் மூலையில் நேரம் பார்த்தான். மூன்று நான்கு. ஆறாவது கோர் எண்பத்து மூன்று.

தாளைத் தாழ்த்தினான். படிக்க வேண்டாம் என்று நினைத்தான். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். காஸ் அழுத்தம் தள்ளியது என்று தனக்குத்தானே சொல்லி உள்ளே வைத்திருந்தான்.

3.14, மூடி விழுந்தது. வைத்தேன்.

3.17, மறுபடி. களிமண் பூசி அடைத்தேன்.

சூளைக் கதவில் கண்ணுயரத்துக்கு ஒரு துளை உண்டு, உள்ளே தீயின் நிறம் பார்க்க. அதற்கு ஒரு சுட்ட மண் மூடி. அன்று அது இரண்டு முறை கீழே விழுந்தது. பர்னர்கள் அலறிக்கொண்டிருந்தன, பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. கைக்கடிகாரத்தில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிகிரி குறைந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அவன் ஒரு கை ஈரக் களிமண்ணை அள்ளி மூடியைச் சுற்றிப் பூசி, கட்டைவிரலால் அழுத்தினான். காய்வதற்குள் ஒருமுறை அது லேசாக அசைந்தது. இன்னும் அழுத்தினான்.

மறுநாள் திறந்தபோது பின்வரிசையில் வெள்ளையாக நொறுங்கிக் கிடந்தது. உடைந்த பொம்மை என்று முறத்தில் வாரி உடைசல் மேட்டில் கொட்டினான். இரண்டு முறம்.

ஜன்னலுக்கு வெளியே உடைசல் மேடு வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்தது.

கணினிப் பெட்டியின் மேல் அந்தச் சரக்கிலிருந்து எடுத்து வைத்த ஒரு பொம்மை இருந்தது. குடம் தூக்கும் பெண். மெருகு பிடித்துப்போய் விற்காமல் வைத்துக்கொண்டது. அதன் காலடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு உறைந்திருக்கும். மெருகு வழிந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்தான். எடுத்து நகத்தால் கீறினான். கீறிய இடம் பளிச்சென்றது.

வெள்ளி.

பொம்மையைக் கீழே வைக்க வரவில்லை. கையிலேயே இருந்தது.

தொண்ணூற்றைந்து. மூன்று பத்து.

சுவிட்சை அணைத்தான். பின்பக்கக் கம்பியைப் பிடுங்கினான். திரை இருண்டது. விசிறி நின்றது. அறையில் சத்தமே இல்லை. கூரைகூட முறியவில்லை.

காஸ் வாசனை கூடியிருந்தது.

மூன்று பன்னிரண்டு. பன்னிரண்டரை. எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் என்று கால்களுக்குச் சொன்னான். மோட்டார் சைக்கிள் வேப்பமரத்தடியில் நிற்கிறது. சாவி சட்டைப் பையில் இருக்கிறது. பத்தடி. கால்கள் கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று பதின்மூன்று.

மூன்று பதினான்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. சின்னச் சத்தம். சுட்ட மண் சிமென்ட் தரையில் விழும் சத்தம். உருண்டது. நின்றது.

அவன் போனான். ஏன் போனான் என்று தெரியவில்லை. கொட்டகைக்குள் மேலே இரண்டு கண்ணாடி ஓடுகள் வழியாக வெயில் கோலாக இறங்கியது. அதில் தூசி நின்றது, மிதக்கவில்லை, நின்றது. சூளை அதன் இடத்தில் இருந்தது. ஆள் நிமிர்ந்து நுழையும் உயரம். கதவு மூடித் தாழ் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவன் அதைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மூடி தரையில் கிடந்தது.

எடுத்தான். சூடாக இருந்தது. வெயில் என்றான் தனக்குள். வெயில் அங்கே விழவில்லை.

துளை கறுப்பாக இருந்தது. உள்ளே பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே மூடியைத் துளையில் வைத்தான். பின்னால் நகர்ந்தான்.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. அந்தச் சத்தத்தை நிறுத்தினால் போதும் என்று எடுத்து அழுத்தினான்.

"ஏங்க," கனிமொழியின் குரல் சின்னதாக வந்தது, "அந்த பஸ்ஸு கவர்மென்ட்டா பிரைவேட்டான்னு அம்மா கேக்குது. ஞாபகம் இருக்குதா?"

கையைத் தொங்கவிட்டான். அவள் தொடையருகே பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் தாமதம். ஆனாலும் தட்டினான். பொம்மை இருந்த கையின் முட்டியால், இரும்பில், மூன்று முறை. உள்ளே காலி அறையில் அது போய்ச் சுற்றித் திரும்பி வந்தது.

"உள்ள யாரு?"

தன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டான். சத்தமாக.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

மூச்சு விட்டான். சிரிப்புகூட வந்தது. வெயில். பட்டினி. சாப்பிடாமல் உட்கார்ந்தது.

மூன்று பதினேழு.

மூடி அசைந்தது. மெல்ல முன்னால் வந்தது. விழுந்தது.

துளைக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி. பிறகு தூக்கம் கலையாத குரல். பயமே இல்லாத குரல்.

"நாந்தான் மாமா. செத்த கண்ணசந்துட்டன். தோ வரன்."

பொம்மை கையிலிருந்து நழுவியது. உடைந்தது. அவன் குனிந்தான். எடுத்தது பொம்மையை அல்ல. மூடியை. கை எடுத்தது. அவன் சொல்லவில்லை. கை அதைத் துளையில் வைத்தது. கட்டைவிரல் அழுத்தியது.

உள்ளிருந்து ஒரு விரல் அழுத்தியது. மெதுவாக. பிறகு இரண்டு.

அழுத்தினான்.

மற்றொரு கையில், தொடையருகே, கனிமொழி பேச்சை நிறுத்தியிருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல்.

"ஏங்க, மாணிக்கந்தான அது? வந்துட்டானா? ஃபோன அவங்கிட்ட குடுங்க."